நிரல்களில் பெயரும் பன்மையும்: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

கணிப்பொறி நிரல்களில் மாறிகள், வகுப்புகள், தரவு அட்டவணைகள் முதலியவற்றுக்கு நிரலர் இடும் பெயர்கள் அடையாளப் பெயர்கள் எனப்படும். இவை தொடர்பான இரண்டு பணிகளை இன்று மென்பொருளே செய்கிறது. இடப்பட்ட பெயர் ஏற்கத்தக்க வடிவுடையதா எனச் சரிபார்த்தல் ஒன்று. ஆங்கில ஒருமைப் பெயரிலிருந்து பன்மைப் பெயரை ஆக்குதல் மற்றொன்று. முன்னது எழுத்தைச் சார்ந்தது. பின்னது சொல்லைச் சார்ந்தது. எழுத்துக்கோலத்தை இனங்காண்பதையே மொழியறிவாகக் கொள்ளும் போக்கு இவ்விரண்டிலும் காணப்படுகிறது. 2004இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் நிரலாக்கச் சட்டகத்தின் பன்மையாக்க விதிகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு, இப்போக்கின் பயனும் குறையும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

2. விதிகளின் அமைப்பு

ரெயில்ஸ் மரபில் வகுப்பின் பெயர் ஒருமையிலும், அதற்குரிய அட்டவணையின் பெயர் பன்மையிலும் அமையும். நிரலர் ‘பெர்சன்’ என்னும் வகுப்பை எழுதினால், அவர் எதுவும் கூறாமலே மென்பொருள் ‘பீப்பிள்’ என்னும் அட்டவணையைத் தேடும். இதற்கென ஒரு சிறு விதித்தொகுதி அதனுள் அமைந்துள்ளது. எச்சொல்லுக்கும் இறுதியில் எஸ் எழுத்தைச் சேர்க்க என்பது பொதுவிதி. எக்ஸ், சிஎச், எஸ்எச் ஆகிய ஈறுகளுக்கு இஎஸ் சேர்த்தல் போன்றவை சிறப்புவிதிகள். ‘பெர்சன்’, ‘சைல்டு’, ‘மேன்’ முதலியன தனியே பட்டியலிடப்பட்டுள்ளன. ‘ரைஸ்’, ‘ஷீப்’, ‘சீரீஸ்’ போன்றவை பன்மையிலும் வடிவு மாறாதவை எனக் குறிக்கப்பட்டுள்ளன.

இவ்வமைப்பு இந்திய இலக்கண மரபினருக்குப் புதியதன்று. பொதுவிதி, சிறப்புவிதி, புறனடை என்னும் முறைவைப்பை இதில் தெளிவாகக் காணலாம். புதிதாகச் சேர்க்கப்படும் விதி முன்னுள்ளவற்றுக்கு முந்திச் சோதிக்கப்படும். இரு விதிகள் முரணுமிடத்துப் பின்னதே செயற்படும் எனப் பாணினியின் அட்டாத்தியாயி (1.4.2) கூறுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. எனினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பாணினியின் விதிகள் ஒலியையும் சொல்வகையையும் பொருளையும் சார்ந்து இயங்குவன. ரெயில்ஸ் விதிகள் அறிந்தது எழுத்து வரிசை ஒன்றையே.

3. விதிகள் பிழைபடும் இடங்கள்

ஆங்கிலப் பன்மை விகுதியின் மூன்று ஒலிவடிவங்களும் சொல்லின் ஈற்றொலியால் வரையறுக்கப்படுவன. முன்பு கேட்டறியாத புனைசொற்களுக்கும் ஆங்கிலக் குழந்தைகள் பெரும்பாலும் அவ்வொலிநெறிப்படியே பன்மை கூறுவதை ஜீன் பெர்க்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எழுத்தை மட்டும் அறிந்த விதிக்கு இந்நெறி எட்டாது. சிஎச் எழுத்துகள் ‘சர்ச்’ என்பதில் சகர ஒலியையும் ‘ஸ்டமக்’, ‘மோனார்க்’ என்பவற்றில் ககர ஒலியையும் குறிக்கின்றன. பின்னிரண்டும் எஸ் மட்டுமே ஏற்கும் சொற்கள். விதியோ மூன்றுக்கும் ஒன்றுபோல் இஎஸ் சேர்த்துவிடுகிறது.

சொற்பிரிப்பை அறியாமையால் நேரும் பிழை மற்றொரு வகை. ‘மேன்’ என்பதன் பன்மை ‘மென்’ என்னும் விதி, அவ்வெழுத்துகளில் முடியும் எல்லாச் சொற்களிலும் செயற்படுகிறது. ‘உமன்’ என்பதற்கு அது பொருந்தும். ‘ஹ்யூமன்’, ‘ஜெர்மன்’, ‘ரோமன்’ ஆகியவற்றில் அவ்வீறு ‘மேன்’ என்னும் சொல்லாகாது. அவை எஸ் ஏற்பன. அவற்றையும் விதி ‘மென்’ என முடிக்கிறது. டேமியன் கான்வே 1998இல் வெளியிட்ட ஆங்கிலப் பன்மையாக்க வழிமுறை இத்தகைய சொற்களைப் புறனடையாகத் தனியே தொகுத்தது. பழைய செவ்வியல் வடிவத்தையும் தற்கால வடிவத்தையும் பயன்படுத்துவோர் தெரிவு செய்துகொள்ளவும் அது இடமளித்தது. மொழியியல் நோக்கில் அதுவே நிறைவானது எனலாம்.

செவ்வியல் மொழிச் சொற்களில் ரெயில்ஸ் விதிகள் வேறுவகையில் தடுமாறுகின்றன. ‘ஆக்டோபஸ்’, ‘வைரஸ்’ ஆகியவற்றின் ஈற்று ‘அஸ்’ நீக்கப்பட்டு, இலத்தீன் முறையில் ஐ எழுத்துச் சேர்க்கப்படுகிறது. முன்னது கிரேக்க மூலமுடையது. பின்னதற்குச் செவ்வியல் இலத்தீனில் பன்மை வழக்குச் சான்று இல்லை. விதி ஆக்கும் அவ்வடிவம் ஆடவரைக் குறிக்கும் வேறொரு சொல்லின் பன்மையாகும். முந்தைய பதிப்புகள் சிலவற்றில் ‘கவ்’ என்பதற்கு ‘கைன்’ என்னும் வழக்கொழிந்த பன்மையும் தரப்பட்டிருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது.

மிகவும் கருதத்தக்க சான்று ‘சேஃப்’ என்பது. எஃப்இ என முடியும் ‘ஒய்ஃப்’, ‘லைஃப்’ ஆகியன ‘ஒய்வ்ஸ்’, ‘லைவ்ஸ்’ என்றாகும். இந்நெறியை ஈற்றளவில் விரித்ததால், பெட்டகத்தைக் குறிக்கும் ‘சேஃப்’ என்பதும் ‘சேவ்ஸ்’ என்றாகிறது. ஆங்கிலத்தில் ‘சேஃப்ஸ்’ என்பதே அதன் பன்மை. ‘சேவ்ஸ்’ என்பதோ காத்தலைக் குறிக்கும் வினையின் வடிவம். மென்பொருளின் செம்மையைச் சோதிக்கும் சான்றுப் பட்டியலிலேயே இப்பிழை சரியான விடையாக இடம்பெற்றுள்ளது.

4. பிழை மரபாதல்

வங்கிப் பெட்டகங்களுக்கு அட்டவணை அமைக்கும் நிரலர் ‘சேஃப்ஸ்’ எனச் சரியான ஆங்கிலத்தில் பெயரிட்டால் மென்பொருள் அதனைக் காணாது. நிரலர் தாமே விதியை மாற்றிக்கொள்ளலாம். அட்டவணையின் பெயரை வெளிப்படையாக அறிவித்தும் விடலாம். மூலத் தொகுதியில் இப்பிழையைத் திருத்துவது எளிதன்று. பிழைவடிவங்களை நம்பி இயங்கும் பழைய நிரல்கள் முறிந்துவிடலாகாது என்பதால் இவ்விதிகளுக்கான திருத்தங்கள் ஏற்கப்படமாட்டா என அதன் ஆவணமே அறிவிக்கிறது.

இம்முடிவு பொறியியல் நோக்கில் ஏற்புடையதே. அட்டவணைப் பெயருக்கு வேண்டுவன இரண்டு: என்றும் மாறாமை, ஒருமையிலிருந்து பன்மைக்கும் பன்மையிலிருந்து ஒருமைக்கும் ஐயமின்றிச் செல்லுதல். இயற்கைமொழி இவ்விரண்டுக்கும் உறுதி தருவதில்லை. ஆங்கிலத்தில் கோடரியைக் குறிக்கும் சொல்லும் அச்சைக் குறிக்கும் சொல்லும் எழுத்தளவில் ஒரே பன்மையுடையன. ஆகவே குறையின் வேர் தனித்தனிப் பிழைகளுக்கு அப்பால் உள்ளது. மாறும் இயல்புடைய மொழிவழக்கை, மாறாமை வேண்டும் பெயரமைப்புக்கு அடித்தளமாக்கியதே அது. வழக்கின் வழி இலக்கணம் திருந்தும். இங்கோ இலக்கணம் போன்ற ஒன்று உறைந்து, வழக்கு அதற்கு இணங்க வேண்டியதாகிறது.

5. தமிழுக்கு விரித்தால்

ரெயில்ஸின் பிற்காலப் பதிப்புகள் வெவ்வேறு மொழிகளுக்கு விதிகள் சேர்க்க இடமளிக்கின்றன. உடன் தரப்படுவன ஆங்கில விதிகள் மட்டுமே. அவ்விடத்தில் தமிழ் விதிகளை ஈறு நோக்கி எழுதினால் இடர்கள் மிகும். மரம் ‘மரங்கள்’ ஆவது எளிது. லகர ஈற்றில் கல் ‘கற்கள்’ ஆகும். கால் ‘கால்கள்’ என்றே நிற்கும். நாள்கள், நாட்கள், பொருள்கள், பொருட்கள், வாழ்த்துகள், வாழ்த்துக்கள் என இருவடிவங்கள் வழங்குகின்றன. இவற்றுள் ஒன்றைத் தெரிந்து உறையவைத்தல் இலக்கண வழக்கொன்றுக்கு மென்பொருள் தீர்ப்புக் கூறுவதாகும். மறுதலையாக ஒருமை காணும்போது ‘திங்கள்’ என்னும் ஒருமைச் சொல் பன்மையாகக் கருதப்பட்டுச் சிதையும். மேலும், அஃறிணையில் கள் விகுதி கட்டாயமன்று என்பதைத் தொல்காப்பியப் பெயரியலே உணர்த்துகிறது. ‘பத்து மாடு’ என்பது இன்றும் இயல்பான வழக்கு.

6. பெயரைச் சரிபார்த்தல்

இதே போக்கு பெயரின் வடிவைச் சோதிப்பதிலும் உண்டு. தொடக்ககால ஃபோர்ட்ரான் (1957) பெயருக்கு ஆறு எழுத்துகளே அளித்தது. ஒருங்குறியின் வருகைக்குப் பின் பல நிரல்மொழிகள் உலக எழுத்துகளை ஏற்றன. பைத்தான் 3 (2008) ‘தமிழ்’ என்பதை முறையான அடையாளப் பெயராக ஏற்கிறது. ஆனால் அம்மொழியின் எழுத்துக்கோலத் தேடல் கருவி, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாகக் கொள்வதில்லை. அதனால் சரிபார்ப்புக்கு அக்கருவியைப் பயன்படுத்தினால் ‘தமிழ்’ என்னும் சொல் ‘தம’, ‘ழ’ என இரு துண்டாகும். பெயர் தவறு எனத் தள்ளப்படும்.

பெயரை ஏற்பதோடு சிக்கல் தீர்வதில்லை. ‘கொ’ என்பதன் குறியை ஒரே குறியெண்ணாகவும் இரு குறியெண்களாகவும் எழுதலாம். பைத்தான் பெயர்களை இயல்பாக்கி இரண்டையும் ஒன்றெனக் கொள்கிறது. ஜாவா வேறு பெயர்களெனக் கொள்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்களால் நேரும் பிழையைக் கண்டறிதல் அரிது. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுவதை எவ்வியல்பாக்கமும் சரிசெய்வதில்லை.

7. முடிவுரை

மேற்காட்டியவற்றால் இரு முடிபுகள் பெறப்படுகின்றன. சரிபார்ப்பில், பெயர்களை முதலில் இயல்பாக்கி, அதன் பின் அடையாளப் பெயர்களுக்கென ஒருங்குறி வகுத்த பண்புகளைக் கொண்டு சோதித்தலே இந்திய எழுத்துகளுக்குப் பொருந்தும். பன்மையில், ஒருமை பன்மை இணைகளை நிரலரே அகராதிபோல் அறிவிப்பது விதியால் ஊகிப்பதினும் நன்று. ஆங்கில நிரல் ஆவணங்களைப் பெயர்ப்போரும் அவற்றில் வரும் பன்மைப் பெயர்களை ஆங்கில வழக்கின் சான்றாகக் கொள்ளாது, நிரலின் உறைந்த பெயர்களாகக் கொண்டு மாற்றமின்றித் தருதல் வேண்டும். ‘சேவ்ஸ்’ என்னும் அட்டவணைப் பெயரை மொழிபெயர்ப்பாளர் திருத்தினால் ஆங்கிலம் செம்மையுறும், நிரல் இயங்காது.