சாகாத ஜமீன்

1958இல் வந்த பிரிட்டிஷ் ‘டிராகுலா’வை அன்றைய விமர்சகர்கள் சிலர் அருவருப்பு என்று ஒதுக்கினார்கள். 1973இல் டேவிட் பிரி தன் நூலில் அதை ஆங்கில கோதிக் மரபுக்குள் வைத்து வாசித்தார். ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’க்கு (1963) நேர்ந்தது வேறு. அது பாராட்டியே மூடப்பட்டது. வின்சென்ட்டின் ஒளிப்பதிவு, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, நம்பியாரின் கிழட்டு வேஷம் என்பதோடு பேச்சு நின்றுபோகும். மகன் ஏழைப் பெண்ணை நேசித்ததற்காக ஜமீன்தார் அவளைக் கொல்வதும், மறுபிறவியிலும் விடாமல் துரத்துவதும் வெறும் ‘மர்மக் கதை’ ஆகிவிடும்.

சோரியாங்குப்பத்தில் டிவியில் இதைப் பார்த்த என் அத்தை கேட்டார்: “இதுல பேயி எங்கடா? ஜமீனுதான் சாவாம கெடக்குறான்.” கோட்டைப் பிரபு டிராகுலாவும் சாகாதவன்தானே? விமர்சனம் தொடங்கியிருக்க வேண்டிய இடம் இது. சாதி கடந்து மணந்த சங்கர் 2016இல் உடுமலைப்பேட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டது பாழடைந்த பங்களாவில் அல்ல, பட்டப்பகலில், நடுத்தெருவில்.