பாத்துக் குடுங்க

திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கி வெளியே வந்ததும் காதில் விழும் முதல் வாக்கியம், 'எங்க போணும் அண்ணாச்சி?' பாளையங்கோட்டை என்கிறீர்கள். ஆட்டோக்காரர் நூற்றைம்பது என்பார். நீங்கள் எண்பது என்பீர்கள். கடைசியில் இரண்டு பேருக்குமே திருப்தியில்லாத ஒரு தொகையில் வண்டி கிளம்பும். தெரிந்த டிரைவர் என்றால் இன்னும் சிக்கல். தொகையே சொல்ல மாட்டார். 'பாத்துக் குடுங்க' என்பார்.

இதைவிட மோசமான கட்டண விதி உலகத்தில் இல்லை. குறைத்துக் கொடுத்தால் நீங்கள் கஞ்சன், கூட்டிக் கொடுத்தால் இளிச்சவாயன்.

வழியில் சுலோசன முதலியார் பாலம் வரும். 1843-ல் கட்டியது. அதற்கு முன்னால் தாமிரபரணியைக் கடக்க ஓடம்தான். முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டிக் கொடுத்தார். இன்றைக்குப் பாலத்துக்குக் காசில்லை. அதன்மேல் போகும் ஆட்டோவுக்குத்தான் பேரம்.

டிரைவரைத் திட்டுவது சுலபம். நாமும் அதைத்தான் செய்கிறோம். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்குக் கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை ஒன்றரை மடங்கு. இலவச ஜி.பி.எஸ். மீட்டர் தருவதாகவும் சொன்னார்கள். அது சொன்னதோடு சரி. அப்போது பெட்ரோல் லிட்டர் எழுபத்தைந்து ரூபாயை ஒட்டி இருந்தது. 2024-ல் நூறைத் தாண்டிவிட்டது. கட்டணம் மட்டும் பத்து வருஷத்துக்கு மேல் அசையாமல் நின்றது. 2025 பிப்ரவரியில் சென்னை ஆட்டோ சங்கங்கள் பொறுமையிழந்து தாங்களே 50, கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்தன. அது செல்லாது என்றது போக்குவரத்துத் துறை.

ஐந்து கிலோமீட்டர் சவாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013 கணக்குப்படி 63 ரூபாய் 40 காசு. சங்கத்தின் கணக்குப்படி 107 ரூபாய் 60 காசு. இடையில் இருக்கிற நாற்பத்துச் சொச்சம் ரூபாய்க்குத்தான் தெருவில் தினமும் சண்டை. அதைத் தீர்த்து வைக்க வேண்டிய அரசு, பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. தலைநகரத்திலேயே இந்த லட்சணம் என்றால் நெல்லையைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. சவாரிக்கு வர மறுத்தால் அபராதமும் உண்டு. காருக்கு 200 ரூபாயாக இருந்ததை 2019-ல் 500 ஆக்கினார்கள். ஆட்டோவுக்கு? அதிகபட்சம் 50 ரூபாய். 1988-ல் எழுதியதை 2019-லும் தொடவில்லை. பேரத்தில் டிரைவர் விட்டுக்கொடுப்பதே இதைவிட அதிகம்.

ஆப் டாக்ஸி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு விதிகளின்படி, கூட்ட நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு வரை வாங்கலாம். சொந்த வண்டி ஓட்டும் டிரைவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவிகிதம் போய்ச் சேர வேண்டும். நல்லதுதான். ஆனால், அந்த அடிப்படைக் கட்டணத்தை அறிவிக்க வேண்டியது மாநில அரசு. அஸ்திவாரம் போடாமல் மாடிக்கு பெயின்ட் அடிக்கிறோம்.

வாடகைக் கார் விஷயத்தில் நாமும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. நவகைலாயம் பார்க்க வண்டி பிடிக்கிறோம். பாபநாசத்தில் ஆரம்பித்து சேரன்மகாதேவி, முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை என்று ஒன்பது கோயில். முடியும்போது, 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, திருச்செந்தூரையும் பாத்துரலாமே' என்கிறோம். டிரைவர் சாப்பிட்டாரா, முந்தின ராத்திரி தூங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை. மோட்டார் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். திருச்செந்தூர் அந்த எட்டில் வராது.

இன்னொன்று, வெள்ளை போர்டு. மஞ்சள் போர்டுக்காரர் பெர்மிட், எஃப்.சி., வாடகை வண்டிக்கான இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டிவிட்டு ஸ்டாண்டில் காத்திருக்கிறார். நாம் முந்நூறு ரூபாய் குறைகிறது என்று தெரிந்தவரின் சொந்தக் காரை வாடகைக்கு எடுக்கிறோம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கிற முதல் கேள்வி, 'வாடகைக்கா ஓட்டினீங்க?' அந்த முந்நூறு ரூபாய் லாபம் அங்கே கரைந்துவிடும்.

லண்டன் கறுப்பு டாக்ஸியில் மீட்டர் ஓடும். தகுந்த காரணம் இல்லாமல் 12 மைலுக்கு உட்பட்ட சவாரியை மறுக்க முடியாது. வெள்ளைக்காரன் யோக்கியன் என்பதால் அல்ல. அங்கே கட்டணத்தை அவ்வப்போது திருத்துகிறார்கள். மீட்டர் போட்டால் கட்டுப்படியாகும் என்று தெரிந்தால் நம் ஊர் டிரைவரும் போடுவார். பசியோடு இருப்பவனிடம் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது நேர்மையில்லை.

அரசு செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எரிபொருள் விலையைப் பார்த்துக் கட்டணத்தைத் திருத்தி, ஜங்ஷனிலும் புது பஸ் ஸ்டாண்டிலும் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு போர்டு. அவ்வளவுதான்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாடகைக் காரில் ஏறுமுன் ஐந்து விஷயத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆரம்பக் கிலோமீட்டர், கணக்கு ஷெட்டிலிருந்தா உங்கள் வீட்டிலிருந்தா, டிரைவர் பேட்டா, டோலும் பார்க்கிங்கும் யார் செலவு, வெயிட்டிங் எவ்வளவு. டிரைவரிடமும் ஒரு காப்பி கொடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். 'பாத்துக் குடுங்க' என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கும் அலுப்புதான்.