உட்கார்ந்து பார்த்து வாங்கு

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் போன்ற சுரங்க ஊருக்கும் ஜீன்ஸுக்கும் ஆண்டுப் பொருத்தம் உண்டு. கோலாரில் தங்கம் தோண்ட லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டது 1873-இல். அதே ஆண்டு அமெரிக்காவில் தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் கால்சட்டைப் பை மூலைகளில் செம்பு ரிவெட் அடிக்கக் காப்புரிமை பெற்றார்கள். பாடுபடுகிறவர்களுக்காகப் பிறந்த உடுப்பு அது.

2001-இல் சுரங்கம் மூடியபின் இங்கே பலருக்கு வேலை பெங்களூரில். விடிகாலை ரயில்தான் வழி. நெரிசலில் நின்று, குந்தி, ஓடிவிட்டு இரவு வீடு திரும்பும்போதும் முட்டி பிதுங்காமல் இருந்தால் அது நல்ல ஜீன்ஸ்.

சூட்சுமம் துணியில் இருக்கிறது. பருத்தியோடு எலாஸ்டேன் ஒன்றிரண்டு சதவீதம் போதும். கூடினால் கடையில் இதமாக இருக்கும், போகப்போகத் தொளதொளக்கும். பின்னிடுப்பில் சாய்வாக வரும் யோக் துண்டுதான் உடல் வளைவுக்கு ஜீன்ஸைப் பொருத்துகிறது. போட்டு உட்கார்ந்து பாருங்கள். இடுப்பு தளர்ந்தால் டெய்லர் பிடித்துத் தருவார்; கவட்டு உயரம் தப்பினால் அவராலும் அதிகம் செய்ய முடியாது. உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் உருவமும் நீலமும் நெடுநாள் நிற்கும்.