ஒரு சமன்பாட்டின் இருபுறம்: தன்னியங்கு அமைப்புகளில் காட்சியையும் செயலையும் இணைக்கும் இயற்கணித நெறி – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தன்னியங்கு அமைப்புகளின் காட்சியுணர்வையும் செயலையும் ஒரே இயற்கணிதத்துக்குள் கொண்டுவர இயலும் என்பது, ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 1990களில் வளர்ந்த ஆய்வுநெறியின் கருதுகோள். கை–கண் அளவுதிருத்தம் என்னும் ஒற்றைச் சிக்கலை உரைகல்லாகக் கொண்டு இக்கட்டுரை அதனை மதிப்பிடுகிறது. எந்தச் செயல் எந்த அறிவைத் தரும் என்று முன்னறிந்து கூறுவதே அந்நெறியின் மெய்யான பெறுபேறு என்பதும், அது உரிமை கோரும் ஒருமை இரண்டு இடங்களில் நிறைவுபெறவில்லை என்பதும் இதன் வாதங்கள்.

திறவுச்சொற்கள்: கிளிஃபோர்டு இயற்கணிதம், இருமைக் குவாட்டர்னியன், கை–கண் அளவுதிருத்தம், திருகு இயக்கம், காட்சி–செயல் சுழற்சி.

முன்னுரை

1997 செப்டம்பரில் கீல் நகரில் நடந்த பயிலரங்கின் கட்டுரைகளைக் கெரால்டு சொமரும் யான் கூண்டெரிங்கும் தொகுத்தனர். அதே பெயரில் 2000இல் நடந்த இரண்டாம் பயிலரங்கின் தொகுதிக்குச் சொமரும் யெகோஷுவா ஸீவியும் பதிப்பாசிரியர்கள். இரண்டின் தலைப்பும் காட்சி–செயல் சுழற்சிக்கான இயற்கணிதச் சட்டகங்களையே சுட்டுகிறது. காண்பதும் இயங்குவதும் தனித்தனிப் பொறியியல் துறைகளாக வளர்ந்தமையால், ஒன்றின் மொழி மற்றொன்றுக்கு விளங்காது போயிற்று. இரண்டுக்கும் பொதுவான மொழி கிளிஃபோர்டின் வடிவியல் இயற்கணிதமே என்பது இந்நெறியினரின் நிலைப்பாடு.

நிலைப்பாடு பெரிது. பல்வேறு தலைப்புகளில் பரந்து கிடக்கும் அத்தொகுதிகளை முழுமையாக மதிப்பிடுவதைவிட, காட்சியும் செயலும் நேருக்கு நேர் சந்திக்கும் ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து அங்கே இயற்கணிதம் என்ன செய்கிறது என்று காண்பது பயன் தரும்.

கையும் கண்ணும்

இயந்திரக் கையின் நுனியில் கேமரா ஒன்று பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்க. கை எவ்வாறு நகர்ந்தது என்பதை மூட்டுகளின் கோணங்கள் தெரிவிக்கும். கேமரா எவ்வாறு நகர்ந்தது என்பதை, அது பார்க்கும் சதுரங்கக்கட்டப் பலகையின் படங்களிலிருந்து கணக்கிடலாம். கையிலிருந்து கேமரா எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதுதான் தெரியாதது. அது தெரியாதவரை, கேமரா கண்ட பொருளைக் கை எட்ட முடியாது. கையின் இயக்கத்தை 'அ' எனவும், கேமராவின் இயக்கத்தை 'இ' எனவும், இரண்டுக்கும் இடைப்பட்ட மாறாத இணைப்பை 'ய' எனவும் குறித்தால், சிக்கல் முழுவதும் 'அ·ய = ய·இ' என்னும் ஒரே வரியில் அடங்கும். இடப்புறம் செயல் தொடங்குகிறது. வலப்புறம் காட்சி முடிகிறது.

சாயும் லென்ஸும் 1989இல் முன்வைத்த தீர்வு முதலில் சுழற்சியைக் கண்டு, பின்னர் அதைக் கொண்டு இடப்பெயர்ச்சியைக் காண்கிறது. நடைமுறைக்கு எளிது; ஆனால் சுழற்சியில் நேர்ந்த பிழை இடப்பெயர்ச்சிக்குள்ளும் புகுந்துவிடும். கான்ஸ்டன்டினோஸ் டேனிலிடிஸ் 1999இல் விரிவாக வெளியிட்ட இருமைக் குவாட்டர்னியன் முறை இரண்டையும் ஒருசேரத் தீர்க்கிறது. எட்டு எண்கள், அவற்றைக் கட்டுப்படுத்தும் இரண்டு நிபந்தனைகள், எஞ்சுவன ஆறு. வெளியில் ஒரு திண்பொருளுக்குள்ள இயக்க உரிமைகளும் ஆறே. இக்கருவியின் வித்து கிளிஃபோர்டின் 1873ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ளது. 33 வயதில் மறைந்த அக்கணிதவியலாளர் இயந்திரக் கைகளை எண்ணி அதை எழுதவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முன்னறிவிக்கும் இயற்கணிதம்

இம்முறையைப் பாராட்டுவோர் பெரும்பாலும் அதன் சுருக்கத்தையே பாராட்டுகின்றனர். அது மேலோட்டமான பாராட்டு. அணிகளால் எழுதினாலும் குவாட்டர்னியன்களால் எழுதினாலும் சமன்பாடு ஒன்றே. மை மிச்சமாவது கொள்கை வெற்றியாகாது. உண்மையான ஆதாயம் வேறு. திண்பொருளின் எந்த இயக்கத்தையும் ஓர் அச்சைச் சுற்றிய திருப்பமும் அவ்வச்சின்வழி நகர்வும் சேர்ந்த திருகு இயக்கமாகக் காணலாம். கையின் திருகும் கேமராவின் திருகும் கோணத்திலும் நகர்விலும் ஒத்தவை. அச்சு கிடக்கும் இடம் மட்டுமே வேறு. இருமைக் குவாட்டர்னியனில் இவ்விரு அளவுகளும் தனிக் கூறுகளாகவே வெளிப்படையாக நிற்கின்றன. ஆகவே கை 40 பாகை திரும்பியிருக்க, கேமராவின் கணக்கு 43 பாகை காட்டினால், தீர்வில் இறங்கும் முன்னரே அவ்விணைத் தரவை ஐயுறலாம்.

இதனினும் முக்கியமானது, தீர்வு எப்போது கிட்டாது என்பது பற்றிய அறிவு. ஒரே ஓர் இயக்கம் போதாது. இணையல்லாத அச்சுகளைக் கொண்ட இரண்டு திருப்பங்களேனும் வேண்டும். ஆந்த்ரெஃப், ஓரோ, எஸ்பியோ ஆகியோரின் 2001ஆம் ஆண்டுக் கட்டுரை இதை இயக்க வகைதோறும் பிரித்துக் காட்டுகிறது. திருப்பமின்றி நகர்வு மட்டுமே நிகழ்ந்தால் கேமராவின் திசை தெரியும், தொலைவு தெரியாது. சமதளத் தரையில் ஓடும் வண்டியை எண்ணிப் பார்க்கலாம். அதன் திருப்பங்கள் அனைத்தும் செங்குத்து அச்சைச் சுற்றியவை. தன் இயக்கங்களை மட்டும் கொண்டு, தன் கேமரா எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை அவ்வண்டி ஒருநாளும் அறிய முடியாது. ஆயிரம் முறை சுற்றி வந்தாலும் நிலை இதுவே. தரவின் குறையன்று இது, செயலின் குறை. காட்சி செயலைச் சார்ந்தது என்பதை மெய்யியலார் பலவாறு கூறியுள்ளனர். எந்தச் செயலின்மையால் எந்த அறிவு கைநழுவும் என்று அளந்து கூறியது இந்த இயற்கணிதம். கீல் நெறியின் பெயருக்கு நியாயம் செய்வது இப்பகுதியே.

ஒருமை நிறைவுறாத இடங்கள்

முதலாவது, பிழையளவை. அளவீடுகளில் இரைச்சல் கலந்தவுடன் சமன்பாடு சரியாக நிறைவேறாது. எச்சத்தை மிகக் குறைக்கும் தீர்வையே தேட வேண்டும். அப்போது சுழற்சியின் பிழையும் இடப்பெயர்ச்சியின் பிழையும் ஒரே கூட்டுத்தொகைக்குள் வருகின்றன. சுழற்சிக்கு அலகில்லை, இடப்பெயர்ச்சிக்கு நீளத்தின் அலகு உண்டு. அதே தரவை மில்லிமீட்டரில் தந்தால் ஒரு விடை, மீட்டரில் தந்தால் சற்றே வேறொரு விடை. திண்பொருள் இயக்கங்களின் குலத்தில், அடிப்படை ஆயத்தை மாற்றினாலும் கையின் ஆயத்தை மாற்றினாலும் மாறாத ரீமான் தொலைவளவை இல்லை என்பது நிறுவப்பட்ட உண்மை. எனவே 'ஒருசேரத் தீர்த்தல்' என்பதற்குள், ஒரு பாகைப் பிழை எத்தனை மில்லிமீட்டர் பிழைக்கு நிகர் என்னும் தீர்மானம் ஒளிந்திருக்கிறது. குறியீட்டில் ஒன்றான இரண்டும் அளவையில் ஒன்றாகவில்லை. கை ஊசியைக் கோக்க வேண்டுமா, பெட்டியைத் தூக்க வேண்டுமா என்பதைப் பொறுத்தே அத்தீர்மானம் அமையும். அந்நோக்கத்துக்கு இச்சமன்பாட்டில் இடமில்லை.

இரண்டாவது, காட்சிக் குறிகை. வலப்புறத்து 'இ' எங்கிருந்து வந்தது? சதுரங்கக்கட்டங்களின் மூலைகளைக் கண்டறிந்து, அறிந்த அளவுகளோடு பொருத்தி, இயக்கத்தைக் கணக்கிட்ட பின்னர் வந்தது. காண்பதன் கடினமான பகுதி முடிந்த பிறகே இயற்கணிதம் உள்ளே நுழைகிறது. கீல் நெறியினர் இதை உணராதவர் அல்லர். மைக்கேல் பெல்ஸ்பெர்க்கும் சொமரும் 2001இல் முன்வைத்த குறிகைக் கோட்பாடு, ரீஸ் உருமாற்றத்தின் துணையால் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் வீச்சு, கட்டம், திசைப்போக்கு ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிறது. அழகிய கோட்பாடு, கோடு எது, விளிம்பு எது என்பதை ஒளிச்செறிவின் ஏற்ற இறக்கத்தால் குழம்பாமல் கூற வல்லது. அதுவும் கிளிஃபோர்டு இயற்கணிதத்தில் எழுதப்படுகிறது என்பது மெய். ஆயினும் கையின் இயக்கத்தைக் குறிக்கும் இருமைக் குவாட்டர்னியன் அக்கட்டத்தின்மீது நேரே செயல்படுவதில்லை. கை நகர்ந்தால் படத்தின் கட்டம் எப்படி மாறும் என்பது பொருளின் ஆழத்தையும் ஒளியையும் மறைப்புகளையும் பொறுத்தது. இவை எவையும் இயக்கக் குலத்துக்குள் அடங்குவன அல்ல. ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்ட இரண்டு நூல்கள் ஒரே நூலாகிவிடா.

பின்வந்த திருப்பம்

கற்கும் வலையமைப்புகளின் எழுச்சி இவ்விரண்டாம் இடைவெளியை வேறு வழியில் கடந்தது. லெவின், ஃபின், டாரல், அபீல் ஆகியோர் 2016இல் படப்புள்ளிகளிலிருந்து மூட்டுகளின் முறுக்குவிசைக்கு நேரே செல்லும் வலையமைப்பைப் பயிற்றுவித்தனர். இடையில் வெளிப்படையான இயற்கணிதம் எதுவும் இல்லை. 2023இல் பிரேமரும் உடன் ஆய்வாளர்களும் 16 கூறுகளைக் கொண்ட வீழல் வடிவியல் இயற்கணிதத்தை டிரான்ஸ்ஃபார்மர் வலையமைப்பின் உள்ளேயே அமைத்து, இயந்திரன்களின் இயக்கத் திட்டமிடலிலும் சோதித்தனர். இங்கே இயற்கணிதத்தின் பணி மாறிவிட்டது. விடையைத் தருவது அதன் வேலையன்று. சுழற்றினாலும் நகர்த்தினாலும் முரண்படாத விடைகளுக்குள் கற்றலை நிறுத்துவதே அதன் வேலை. கீல் தொகுதிகள் எதிர்பார்த்த பொதுமொழி என்னும் நிலையைவிட இது அடக்கமானது, ஆனால் காக்கத்தக்கது. சமதளத்தில் ஓடும் வண்டிக்குத் தன் இயக்கங்களைத் தவிர வேறு சான்று இல்லையெனில், எத்துணைப் பெரிய வலையமைப்பைப் பூட்டினாலும் அதன் கேமராவின் உயரம் தெரியாததாகவே நிற்கும்.