அமினோ அமிலமும் அளந்து தரும் பிராணவாயுவும்

ஏற்காட்டு ஆரஞ்சின் தோலை எரியும் விளக்கின் சுடருக்கு எதிரே மடித்துப் பிதுக்கினால், அதிலிருந்து சீறிவரும் நுண்துளிகள் சுடரைத் தொட்ட மாத்திரத்திலே படபடவென்று பொரிந்து மறைவதைச் சேர்வராயன் மலைப்பக்கத்துப் பிள்ளைகள் விளையாட்டாகவே கண்டிருப்பார்கள். அந்தத் தோலெண்ணெயின் பெரும்பகுதியான லிமோனீன், சுடரில் பிராணவாயுவோடு தறிகெட்டுக் கலந்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் முடிந்துபோகிறது. அதே லிமோனீனின் இரட்டைப் பிணைப்பில் ஒரே ஒரு பிராணவாயு அணுவை அமர்த்தினால் எபாக்ஸைடு கிடைக்கும். உரிய வேறொரு கரியணுவில் அமர்த்தினாலோ, ஸ்பியர்மின்ட் என்னும் புதினாவின் மணத்துக்குக் காரணமான கார்வோன் கிடைக்கும். எரிப்பதற்குச் சாமர்த்தியம் வேண்டியதில்லை. ஓரிடத்தில் ஏற்றி, அவ்விடத்திலேயே நிறுத்துவதுதான் இரசாயன சாஸ்திரத்தின் பெருஞ்சிரமம்.

அந்தச் சிரமத்தைப் பல தலைமுறைகளாகக் குரோமியமும் மாங்கனீசும் தீர்த்துவைத்தன. அதற்குரிய விலையை மண்ணும் நீரும் கொடுத்தன. இராணிப்பேட்டையில் டைகுரோமேட் உற்பத்தி செய்து 1990களில் மூடப்பட்ட ஆலையொன்று விட்டுச்சென்ற 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு, அவ்வூரின் நிலத்தடி நீரைக் கெடுத்த கதையைத் தமிழகம் அறியும். அந்த டைகுரோமேட் பெரும்பாலும் தோல் பதனிடும் தொழிலுக்கே போயிற்று என்பது மெய்தான். ஆயினும் ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்க ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலம் கையாண்ட பொருளும் அதுவே. சேர்வராயன் மலைச்சாரலில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரத்தின் நடுவே புகுந்து காவிரியை நாடிச் செல்வதைப் பார்க்கும் எவருக்கும், உலோகமில்லாத வழி ஒன்று உண்டா என்னும் கேள்வி வெறும் கல்விச் சர்ச்சையாகத் தோன்றாது.

உண்டு என்று விடை சொன்னது புரோலின் என்னும் எளிய அமினோ அமிலம். 2000ஆம் ஆண்டில் பெஞ்சமின் லிஸ்டும் அவருடைய சகாக்களும் இதன் வினையூக்கும் திறனைப் புதிதாக வெளிக்கொணர்ந்தார்கள். உலோகமின்றி வினையூக்கும் இத்துறையின் பொருட்டு 2021இல் அவருக்கும் டேவிட் மேக்மில்லனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2003இல் வெவ்வேறு ஆய்வுக்குழுவினர் ஏறக்குறைய ஒரே சமயத்தில், புரோலினின் துணைகொண்டு ஆல்டிஹைடின் அடுத்த கரியணுவில் பிராணவாயுவை ஏற்றிக் காட்டினார்கள். புரோலினின் நைட்ரஜன் ஆல்டிஹைடைப் பற்றிக்கொண்டு ஈனமீன் என்னும் இடைநிலைச் சேர்மமாக்க, அதே மூலக்கூறின் அமிலப்பகுதி, பிராணவாயுவைத் தரும் நைட்ரோசோபென்சீனைத் தன் ஹைட்ரஜனால் ஈர்த்து ஒரு பக்கத்திலிருந்தே அணுகச் செய்கிறது. ஆகவே விளைபொருளில் 100-க்கு 98-க்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் இடக்கை வலக்கை போன்ற இரு ஆடிப்பிம்ப வடிவங்களுள் ஒன்றையே, அதாவது ஒரே கைப்பக்கத்தையே, சேர்ந்தனவாக அமைகின்றன. உக்கிரமான வெப்பமும் வேண்டியதில்லை, நச்சு உலோகமும் வேண்டியதில்லை. புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தார் மருந்துச் சேர்மங்கள் பலவற்றை இவ்வினையின் வழியாக அமைத்திருப்பதும் இதன் பயனுக்குச் சான்று. இத்தனை சிறிய மூலக்கூறு இத்தனை நுட்பமாக வேலை செய்வதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆயினும், பசுமை என்னும் பட்டத்தை வினையூக்கிக்கு மட்டும் சூட்டிவிட்டு, குடுவையிலுள்ள மற்றவற்றைப் பாராமலிருப்பது நியாயமன்று. 107 எடை நைட்ரோசோபென்சீனில் விளைபொருளுக்கு நிலையாய் உதவுவது 16 எடைப் பிராணவாயு மட்டுமே. எஞ்சியது பின்னர் அனிலீனாகக் கழிகிறது, அதுவும் நச்சுப்பொருள். விளைபொருளிலுள்ள நைட்ரஜன்-பிராணவாயுப் பிணைப்பை உடைக்கத் தாமிர உப்போ பல்லேடியமோ வேண்டியிருப்பதால், வாசலில் தடுத்த உலோகம் கொல்லைப்புறமாக வந்து சேருகிறது. புரோலினும் பல சோதனைகளில் 100 மூலக்கூறுக்கு 20 என்னும் அளவில் சேர்க்கப்படுகிறது. அதாவது ஒவ்வொரு மூலக்கூறும் சராசரி ஐந்து முறை வேலை செய்தாலே காரியம் முடிந்துவிடுகிறது. இடையில் ஆல்டிஹைடோடு கூடித் தானே சிதைந்து வீணாவதும் உண்டு.

புரோலினின் எல்லைக் குறுக்கமும் கவனிக்கத்தக்கது. ஆல்டிஹைடோ கீட்டோனோ இல்லாத லிமோனீனைப் புரோலின் இவ்வழியில் தொடவே முடியாது. அஸ்பார்டிக் அமிலம் கொண்ட சிறு பெப்டைடைக் கொண்டு ஸ்காட் மில்லர் குழுவினர் 2007இல் இரட்டைப் பிணைப்புகளை எபாக்ஸைடாக்கினர். அங்கே ஹைட்ரஜன் பெராக்ஸைடோடு கார்போடைஇமைடும் செலவாகி யூரியா வகைக் கழிவு எஞ்சுகிறது.

என் மதிப்பு சாய்வது இவற்றுக்கும் முந்திய, அதிகம் கொண்டாடப்படாத வழியொன்றின் பக்கம். 1980களின் தொடக்கத்தில் ஹூலியாவும் கொலோனாவும் அலனின் என்னும் அமினோ அமிலத்தின் கோவையைக் கொண்டு, காரங்கலந்த ஹைட்ரஜன் பெராக்ஸைடால் சால்கோன் என்னும் சேர்மத்தை எபாக்ஸைடாக்கினர். 34 எடைப் பெராக்ஸைடில் 16 விளைபொருளுக்குச் செல்ல, மீதி 18 வெறும் நீர். குறை இல்லாமலில்லை: அக்கோவை கூழாக ஊறி வடிகட்டத் தொல்லை தந்தது, வினை நாட்கணக்கில் நடந்தது, சால்கோன் இனத்துக்கு அப்பால் அதன் கை அதிகம் நீளவில்லை. ஆனால் இவை உழைத்துத் திருத்தக்கூடிய குறைகள். அனிலீன் பிறப்பதோ வினையின் கணக்கிலேயே எழுதப்பட்டது. ரோஜர் ஷெல்டன் வகுத்த அளவையின்படி, ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்பதை, கரைப்பானையும் சேர்த்து, ஒவ்வொரு ஆய்வுக்கட்டுரையும் கைப்பக்க விகிதத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். மருந்துத் தொழிலில் அந்த எண் 25 முதல் 100 வரையும் அதற்கு மேலும் செல்கிறது.