தையல் இயந்திரமும் இராணுவச் சீருடையும்
(சிமீன் தானிஷ்வரின் ‘சவூஷூன்’ நாவலில் ஷீராஸ் நகரத்து அந்நியர்)

உமர் கையாமின் பாடல்களைக் கவிமணி தமிழாக்கித் தந்ததன் பின்னர், பாரசீகம் என்றதும் ரோஜாத் தோட்டத்தையும் மதுக்கிண்ணத்தையும் நினைந்துகொள்வது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்த ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர்போன ஷீராஸ் நகரிலே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உண்ண ரொட்டி கிடையாதிருந்தது என்பதை நினைவூட்டும் நாவலொன்றை இக்கட்டுரையிலே ஆராய முற்படுகின்றோம். அது சிமீன் தானிஷ்வர் (1921–2012) எழுதி 1969 இல் வெளியான ‘சவூஷூன்’. பாரசீக மொழியில் பெண்ணொருத்தியின் நோக்குநிலையில் நின்று பெண்ணொருத்தி எழுதிய முதல் நாவல் என்று பொதுவாகக் கொண்டாடப்படுவது. நாம் இதனை ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகவே அறிகின்றோம். 1990 இலும் 1991 இலுமாக இரு மொழிபெயர்ப்புகள் அடுத்தடுத்து வெளிவந்துள்ளன. மூலத்தின் பேச்சோசை பற்றி நாம் கூறுவனவற்றை இவ்வரையறையை மனங்கொண்டே வாசகர் ஏற்றல் வேண்டும்.

நாவலின் தொடக்கம் யாவரும் அறிந்தது. ஆளுநர் மகளின் திருமணம். நகரத்து ரொட்டிச் சூளைக்காரர்கள் ஒன்றுகூடி மிகப் பெரிய ரொட்டியொன்றைச் சுட்டு, வாழ்த்து வாசகமும் பொறித்து, அன்பளிப்பாக அனுப்பியிருக்கின்றனர். பஞ்சத்தில் வாடும் நகரிலே ஒரு குடும்பத்தின் பலநாட் பசியைத் தீர்க்கக்கூடிய மா, அலங்காரப் பொருளாகிக் கிடக்கின்றது. நிலவுடைமையாளனான யூசுப் ஆத்திரத்தோடு முணுமுணுக்கிறான். யார் காதிலும் விழுந்துவிடக்கூடாதே என்று அவனுடைய மனைவி ஸரி கெஞ்சுகிறாள். யூசுப் தன் தானியத்தை அந்நியப் படைக்கு விற்க மறுப்பதும், பாராளுமன்ற உறுப்பினனாகும் ஆசையில் அவனுடைய தமையன் கான் காக்கா ஆங்கிலேயரின் பக்கம் சாய்வதும், ஈற்றிலே யூசுப் சுட்டுக்கொல்லப்படுவதும், அவனது இறுதி ஊர்வலம் கலைக்கப்படுவதும் கதை. அநியாயமாகக் கொல்லப்பட்ட சியாவுஷுக்காகப் பாரசீக மக்கள் நிகழ்த்திவந்த ஒப்பாரிச் சடங்கின் பெயரே நாவலுக்கும் பெயராகியது. ஆதலால் இந்நாவலை ஏகாதிபத்திய எதிர்ப்பின் தியாக உருவகமாகப் படிப்பதே பெருவழக்கு.

அந்த வாசிப்பினை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அது நாவலின் வலுவான பகுதிகளைக் கடந்து சென்றுவிடுகின்றது என்பது எமது கருத்து. யூசுப்பின் மரணம் உருக்கமானது. ஆனால், அவனைப் போன்ற பாத்திரத்தை வேறு பல நாடுகளின் தேசிய இலக்கியங்களிலும் நாம் சந்தித்திருக்கின்றோம். சந்தித்திராதது இந்நாவலின் அந்நியரை. துப்பாக்கியோடு வந்தவராக மட்டுமன்றி, பல்லாண்டு காலம் அடுத்த தெருவில் வாழ்ந்து, பிள்ளைப்பேறு பார்த்து, பாடஞ் சொல்லிக்கொடுத்து, கடன் கொடுத்துப் பொருள் விற்றவராக அவர்களை ஸரியின் கண்வழியே தானிஷ்வர் காட்டுகிறார். இரு போர்களுக்கு இடைப்பட்ட மாகாண நகரொன்றின் அன்றாட வாழ்வு அங்கேதான் பதிவாகியுள்ளது.

இதற்குச் சிறிது வரலாறு வேண்டும். முதலாம் உலகப் போரின்போது, 1916 இல், பேர்சி சைக்ஸ் என்ற ஆங்கிலத் தளபதி தென் பாரசீகத்திலே ‘தென் பாரசீகத் துப்பாக்கிப் படை’யை அமைத்தான். ஷீராஸ் அதன் முக்கிய தளம். பிரித்தானியரும் இந்தியரும் அதிகாரிகளாக இருந்தனர். 1921 இல் அப்படை கலைக்கப்பட்டது. அடுத்து அந்நியப் படை இந்நாட்டினுள் நுழைந்தது 1941 ஓகஸ்ட் 25 ஆம் திகதி. செப்ரெம்பரில் ரேஸா ஷா முடிதுறந்தார். 1921 க்கும் 1941 க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகள் ஈரானியத் தேசியவாதத்தின் ஆரவாரமான ஆண்டுகள். அந்நியர் தம் நாட்டுச் சட்டத்துக்கு மட்டுமே கட்டுப்படும் விசேட உரிமைகள் 1928 இல் ஒழிக்கப்பட்டன. ‘பாரசீகம்’ என்னாது ‘ஈரான்’ என்றே அழைக்கவேண்டுமென 1935 இல் பிறநாடுகளிடம் கோரப்பட்டது. மிஷனரிப் பாடசாலைகளை அப்பத்தாண்டின் இறுதியிலே அரசு தன்வசமாக்கியது. சட்டப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவருக்கு, அந்நியர் ஆதிக்கம் படிப்படியாகத் தேய்ந்த காலமாகவே அது தோன்றும்.

நாவல் காட்டுவது வேறொன்று. ஸிங்கர் என்ற ஆங்கிலேயன் போருக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஷீராஸுக்கு வந்து தையல் இயந்திரம் விற்றுத் திரிந்தவன். அவன் விற்ற இயந்திரத்தின் பெயரே அவனுக்கும் பெயர். இயந்திரம் வாங்கும் பெண்களுக்குப் பத்துப் பாடங்கள் இலவசம். அந்தப் பருத்த உடம்போடு இயந்திரத்தின் முன்னமர்ந்து அவனே தைக்கக் கற்றுக்கொடுப்பான். திருமண வயதுப் பெண்களின் சீதனத் துணிகள் அவனது இயந்திரங்களிலேதான் உருவாகின. போர் மூண்டதும் பார்த்தால், அவன் இராணுவச் சீருடையில் நிற்கிறான். நட்சத்திரங்களும் பட்டிகளும் தோளிலே மின்னுகின்றன. பதினேழு ஆண்டுகள் பொய்யான தொழிலும் பொய்யான உடையுமாக ஒருவனால் எப்படி வாழ முடிந்தது என்று ஸரி திகைக்கிறாள்.

பதினேழு என்ற எண் தற்செயலானதன்று. கணக்கிட்டுப் பார்த்தால் அவன் வந்தது 1920களின் நடுப்பகுதியிலே என்றாகும். ரேஸா கான் ஷாவானதும் ஏறத்தாழ அதே வேளையில்தான், 1925 இன் இறுதியில். சீருடை ஒன்று வெளியேறிய இடைவெளியிலே தையல் இயந்திரம் நுழைகின்றது. இருபது ஆண்டு முடிவில் இயந்திரத்தின் உள்ளிருந்து சீருடை மறுபடியும் வெளிப்படுகின்றது. தேசியவாத அரசின் சட்டங்கள் எட்டாத வீட்டு முற்றங்களில் இந்த இருபதாண்டு வரலாறு நிகழ்ந்தது என்பதைத் தானிஷ்வர் ஒரே பாத்திரத்தில் வடித்துவிட்டார். (சிங்கர் இயந்திரம் 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. எமது பாட்டிமார் அதன்முன் அமர்ந்திருந்த காட்சி எம்மிற் பலருக்கு நினைவிருக்கும். இப்பகுதியைப் படிக்கும்போது சற்றே சங்கடமான புன்னகை எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.)

ஆனால் இங்கேதான் நாம் நாவலாசிரியரோடு முரண்பட வேண்டியிருக்கின்றது. ஸிங்கரின் பதினேழு ஆண்டுகளையும் வேடம் என்று ஒதுக்குவதன் மூலம், தாம் கண்டெடுத்த உண்மையின் பாதியை அவரே நழுவவிட்டுவிடுகிறார். சிங்கர் ஓர் அமெரிக்க நிறுவனம். ஆசியச் சந்தைகளுக்கான இயந்திரங்களிற் பெரும்பகுதி ஸ்கொத்லாந்தின் கிளைட்பாங் நகரிலே 1885 இல் திறக்கப்பட்ட அதன் பெருந்தொழிற்சாலையிலிருந்து வந்தது. தவணைமுறைக் கட்டணத்தை உலகெங்கும் பரப்பிய முன்னோடிகளுள் அந்நிறுவனமும் ஒன்று. அத்தகைய நிறுவனத்தின் விற்பனையாளன் ஒற்றனாக இருந்தாக வேண்டிய அவசியம் எதுவுமில்லை. உள்ளூர்த் தையற்காரரின் தொழிலையும் வீட்டின் நுகர்வுப் பழக்கத்தையும் மாற்றியமைப்பதற்கு இயந்திரமும் தவணைச் சீட்டும் போதுமானவை. அவற்றை விற்றவன் முற்றிலும் நேர்மையானவனாகவும் இருந்திருக்கலாம்! ஏகாதிபத்தியத்தைச் சதியாகக் காண்பது எளிது. அதனை அமைப்பாகக் காண்பது கடினம். ஸிங்கரின் சீருடையை ஆசிரியர் கண்ட அளவுக்கு அவனது கணக்குப் புத்தகத்தைக் காணவில்லை.

நான்கு ஆண்டுகள் பின்னர், 1973 இல், இராஜ் பெஸெஷ்க்ஸாத் எழுதிய ‘நெப்போலியன் மாமா’ நாவலை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். களம் தெஹ்ரான், காலம் அதே 1941. ஆங்கிலேயர் தம்மைப் பழிவாங்கச் சதிசெய்கின்றனர் என்று நம்பும் குடும்பத் தலைவர் ஒருவரை அந்நாவல் நகைப்புக்கிடமாக்குகின்றது. அயலில் வசிக்கும் இந்தியர்கூட அவரது பார்வையிலே ஆங்கிலேயரின் உளவாளிதான். தானிஷ்வரிடம் உண்மையாக நிகழ்வது பெஸெஷ்க்ஸாதிடம் மனப்பிராந்தியாகின்றது. இரண்டும் ஒரே அனுபவத்தின் இரு முகங்களே. நாடு உண்மையிலேயே இரு தடவை ஆக்கிரமிக்கப்பட்டபோது, சந்தேகம் நோயா அறிவா என்று பிரித்தறிவது எங்ஙனம்?

மிஷனரிகளைத் தீட்டும் இடங்களில் தானிஷ்வரின் கை தளரவேயில்லை. அவரே ஷீராஸின் ஆங்கில மிஷனரிப் பாடசாலையிற் பயின்றவர். அவருடைய தந்தையார் அந்நகரத்து வைத்தியர். ஆகவே பாடசாலையையும் வைத்தியசாலையையும் உள்ளிருந்தே அறிந்தவர். நோன்பிருந்த மாணவியின் நோன்பை வற்புறுத்தி முறித்த தலைமையாசிரியையை ஸரி நினைவுகூரும் இடம் ஓர் எடுத்துக்காட்டு. அதே பாடசாலைதான் ஸரிக்கு ஆங்கிலத்தையும் புத்தகங்களையும் தந்தது. அதே பாடசாலைதான் பணிந்துபோகவும் அவளைப் பழக்கியது. இவ்விரண்டையும் அவர் தனித்தனியாகப் பிரித்து வைக்கவில்லை. கானும் ஹக்கீம் என்று நகரத்தார் அழைக்கும் ஆங்கிலப் பெண் மருத்துவரும் அவ்வாறே. ஸரியின் பிள்ளைகளை வயிற்றைக் கீறி எடுத்து உயிர்காத்தவர் அவர்; நோயாளிகளுக்கு மருந்தோடு மதத்தையும் ஊட்டியவரும் அவரே. ஸரியின் உடம்பில் அவரது கத்தியின் தழும்பு இருக்கின்றது. நன்றியும் கசப்பும் ஒரே தழும்பிலே கலந்து கிடப்பதாக இந்த உறவு அமைவது, யூசுப்பின் எந்தவொரு வீரவசனத்தையும்விட ஆழமானது என்போம்.

ஸிங்கரும் கானும் ஹக்கீமும் பேசுவது உடைந்த பாரசீகம். இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் மொழி அவர்கள் நாவிற் படியவில்லை. மாறாக, ஸரியின் ஆங்கிலம் திருத்தமானது. யார் யாருடைய மொழியைச் செம்மையாகக் கற்கவேண்டியிருந்தது என்பதிலேயே அதிகார உறவு புலப்பட்டுவிடுகின்றது. ஆசிரியர் இதனை எங்கும் விளக்கவில்லை, விளக்காதது நன்று.

கொலூ என்னும் சிறுவனின் கதையைப் பலர் கவனிக்காது விட்டுவிடுகின்றனர். யூசுப்பின் கிராமத்தில் இறந்துபோன இடையனின் மகன். குற்றவுணர்வோடு யூசுப் அவனை நகருக்கு அழைத்துவந்து தன் பிள்ளைபோல் வளர்க்க முனைகிறான். பிடுங்கி நடப்பட்ட அந்தப் பிள்ளைக்குத் தைபஸ் காய்ச்சல் வருகின்றது. மிஷனரி வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, கழுத்திலே சிலுவையோடு திரும்பி வருகிறான். நல்ல நிலப்பிரபுவின் கருணைக்கும் நல்ல மிஷனரியின் கருணைக்கும் நடுவே அவனுக்கென்று ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. நாவலின் கருத்துநிலை யூசுப்பைத் தேசத்தின் தலைமகனாக உயர்த்தும்போது, கொலூவின் கதை அதனைச் சத்தமின்றி அரித்துவிடுகின்றது. நிலமானிய உறவுகளை மாற்றாது, நல்ல உடைமையாளனைக் கொண்டு மட்டும் அந்நியனை எதிர்க்க முடியுமா? மார்க்சியச் சார்புள்ள ஆசிரியரான புதூஹி இக்கேள்வியை எழுப்பக்கூடிய பாத்திரம். ஆனால் ஆசிரியர் அவரை நாவலின் ஓரத்திலேயே நிறுத்திவிடுகிறார். அவர் நடுவுக்கு வந்திருந்தால் யூசுப்பின் தியாகம் இத்துணைத் தூய்மையாகத் தோன்றியிராது.

இறுதியாக ஒன்று. அது எம்மைப் போன்ற வாசகருக்கு நெருக்கமானது. திருமண மண்டபத்தில் பாவாடையணிந்த ஸ்கொத்லாந்து அதிகாரிகளோடு தலைப்பாகையணிந்த இந்திய அதிகாரிகளும் நிற்கின்றனர். 1941 இல் தென் ஈரானுள் நுழைந்த பிரித்தானியப் படையிற் பெரும்பகுதி இந்தியப் படைதான். பேரரசின் அடிமைகளுள் ஒருவனுக்கு இந்நாவலிலே முழுமையான குரல் உண்டு. அவன் மக்மஹோன், ஐரிஷ்காரன், கவிஞன், போர்ச் செய்தியாளன், யூசுப்பின் நண்பன். தன் நாட்டுக்கும் ஈரானுக்கும் உள்ள ஒப்புமையை உணர்ந்தவன். நாவலின் கடைசி வரிகளே அவன் ஸரிக்கு எழுதும் அனுதாபக் கடிதத்துக்குரியவை. ஆனால் இந்தியச் சிப்பாய்களுள் எவருக்கும் மக்மஹோனுக்குக் கிட்டிய அகவுலகம் வழங்கப்படவில்லை. 1942 ஓகஸ்ட் மாதத்திலே ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் தொடங்கி, இந்தியத் தலைவர்கள் சிறைப்பட்டிருந்த அதே நாட்களில் இச்சிப்பாய்கள் ஷீராஸின் தெருக்களிலே நின்றனர்.

ஆங்கிலம் படித்த ஷீராஸ் பெண்ணொருத்தியால் ஐரிஷ்காரனோடு உரையாட முடிந்தது. அவனுடைய கவிதையை அவளுக்கு அறிமுகமான மொழியிலேயே கேட்க முடிந்தது. கிராமத்திலிருந்து கூலிக்குப் படையிற் சேர்ந்த இந்தியனை அவள் தெருவிலே மட்டும் கண்டாள்; அஞ்சினாள். ஸரியின் கண்ணால் மட்டுமே பார்ப்பது என்று தாமே வரித்துக்கொண்ட விதிக்கு ஆசிரியர் உண்மையாக இருந்தார் என்று இதற்குச் சமாதானம் கூறலாம். நாம் அதனை ஓரளவுக்கே ஏற்போம். பைத்தியசாலைக்கும் சிறைக்கும் ரொட்டியும் பேரீச்சம்பழமும் சுமந்து சென்று, யாரும் பாராதவர்களைப் பார்த்தவள் ஸரி. அந்தக் கண்ணுக்கு, தலைப்பாகையின் கீழிருந்த முகம் புலப்பட்டிருக்கக்கூடாதா?