சிறு வீட்டின் சிரிப்பு: ‘யமடா குடும்பம்’ குறித்து ஒரு மறுநோக்கு

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். ஆயினும், நம்மிடையே வளர்ந்துள்ள திறனாய்வு மரபிலே நகைச்சுவைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி இருக்கையேயாகும். துன்பியற் படைப்பொன்றை ஆராய்வதற்குச் செலவிடப்படும் உழைப்பிற் பத்திலொரு பங்குதானும் இன்பியற் படைப்புக்குச் செலவிடப்படுவதில்லை. அப்படைப்புச் சித்திரத் திரைப்படமாகவும் அமைந்துவிட்டால், ‘சிறுவர்க்குரியது’ என்ற ஒரே சொல்லுடன் விவாதம் முடிந்துவிடுகிறது. இவ்விரு புறக்கணிப்புக்கும் ஒருசேர ஆளானது, யப்பானிய நெறியாளர் இசாவோ தக்காஹதா 1999 இல் உருவாக்கிய ‘மை நெய்பர்ஸ் த யமடாஸ்’ என்ற படமாகும். ‘பக்கத்து வீட்டு யமடா குடும்பம்’ என அதன் பெயரைத் தமிழிலே கூறலாம்.

ஹிசாயிச்சி இஷி என்பார் ‘அசாஹி ஷிம்புன்’ நாளிதழில் வரைந்துவந்த நான்கு கட்டக் கேலிச்சித்திரத் தொடரே இப்படத்தின் மூலம். இதனைத் தயாரித்த ஜிப்லி கலையகம், ஹயாவோ மியசாக்கியின் ‘இளவரசி மொனோனோகே’ 1997 இல் ஈட்டிய பெருவெற்றியின் உச்சத்தில் நின்ற காலம் அது. காடும் தெய்வங்களும் போரும் நிறைந்த காவியமொன்றைக் கண்டு வியந்தோர், அடுத்து வந்த படத்திலே சோற்றுப் பானையையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் கண்டு ஏமாற்றமடைந்தனர் போலும். படம் எதிர்பார்த்த வசூலைப் பெறவில்லை. போர்க்காலத்து அனாதைக் குழந்தைகள் இருவரின் சாவை ‘மின்மினிகளின் கல்லறை’ (1988) என்ற படத்தில் நெஞ்சு நடுங்கக் காட்டியவரே தக்காஹதா. அப்படத்துக்காக அவரைப் போற்றியவர்களுட் பலரும் இதனை ஓர் இடைவேளை விளையாட்டாகவே கொண்டனர்.

படத்திலே கதை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. தந்தை தக்காஷி, தாய் மட்சுக்கோ, பாட்டி ஷிகே, மகன் நொபொரு, சிறுமி நோனோகோ, நாய் பொச்சி ஆகியோரின் அன்றாடம் சிறுசிறு நிகழ்ச்சிகளாகத் தொடுக்கப்பட்டுள்ளது. கலையகம் முதன்முறையாக முற்றிலும் கணினியின் துணைகொண்டு வண்ணந்தீட்டிய படம் இதுவேயாகும். எனினும், திரையிற் காண்பது கையால் இழுத்த தூரிகைக் கோடும், நீர்த்துக் கரையும் வண்ணமுமே. சட்டத்தின் பெரும்பகுதி வெறுமையாக விடப்படுகிறது. சுவரின் ஒரு மூலை, மேசையின் ஒரு விளிம்பு, இரண்டு முகங்கள் ஆகியவற்றுடன் காட்சி நிறைவடைகிறது. சொல்லாமல் விட்டதைக் காண்போர் தாமே இட்டு நிரப்பவேண்டும். மத்சுவோ பாஷோ முதலியோரின் ஹைக்கு கவிதைகள் நிகழ்ச்சிகளின் முடிவிலே ஒலிப்பது இவ்வடிவத்துக்கு இயைந்ததேயாகும்.

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் தொல்காப்பியம் வகுத்துரைக்கும். இன்றைய திரை நகைச்சுவை பெரிதும் முதலாவதையே நம்பிப் பிழைக்கிறது: ஒருவன் உருவத்தை, நிறத்தை, பேச்சை இழித்துரைத்து மற்றவரைச் சிரிக்கவைப்பது அதன் வழி. யமடா குடும்பத்திலே எள்ளல் மிகக் குறைவு. பெருங்கடையொன்றுக்குச் சென்று திரும்பும் குடும்பம் சிறுமி நோனோகோவை அங்கேயே விட்டுவந்ததை வழியிலேதான் உணர்கிறது. காருக்குள் ஒருவரையொருவர் குறைகூறிப் பதறுகின்றனர். சிறுமியோ கலங்கவில்லை. தொலைந்துபோனவர்கள் தன் வீட்டாரே என்பது அவள் கருத்து. பெரியோரின் பேதைமையும் சிறியவளின் இளமையும் ஒரே நிகழ்ச்சியில் எதிரெதிரே நிற்கின்றன. நாம் சிரிப்பது அவர்களுக்கு மேலே நின்றன்று, அவர்களுள் ஒருவராக நின்றேயாம்.

இந்நகையின் ஆழத்தைக் காட்டுவது மோட்டார்ச் சைக்கிள் இளைஞர் வரும் பகுதி. இரவிலே கூச்சலிடும் அவர்களைக் கண்டிக்கத் தக்காஷி வெளியே அனுப்பப்படுகிறார். அங்கே நாவெழாது நிற்கிறார். நிலைமையைச் சமாளிப்பவர் பாட்டியே. இப்பகுதியிலே உருண்டைக் கேலிச்சித்திர உருவங்கள் மறைந்து, மனிதர் இயல்பான அளவுகளுடன் வரையப்படுகின்றனர். அச்சம் மெய்யாகும்போது கோடும் மெய்யாகிறது. பின்னர் ஊஞ்சலொன்றில் தனியே அமரும் தக்காஷி, வெள்ளையுடை வீரனாகத் தம்மைக் கற்பனை செய்துகொள்கிறார். குடும்பத்தைக் காக்கவேண்டியவன் தான் என்ற எண்ணமும் தன்னால் அது இயலவில்லை என்ற உண்மையும் மோதும் இடம் அது. சிரித்துக்கொண்டிருந்தவர் வாய் இங்கே தானாக மூடிக்கொள்கிறது.

நெருக்கமான வீடொன்றிலே பல தலைமுறையினர் முட்டிமோதி வாழும் இவ்வாழ்வை, பதுளைப் பகுதித் தோட்டங்களின் வாழ்வோடு ஒப்பிடாமற் பார்ப்பது மலையக வாசகருக்கு அரிது. நமுனுகுல மலைச்சாரலிலுள்ள ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களிலே பல தலைமுறைகளின் குடும்ப வாழ்வு நடந்தது லயத்துக் காம்பிராவுக்குள்ளேதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவு அங்கு யாவரும் அறிந்ததொன்று. சமையல், படிப்பு, பிரசவம், சாவு யாவும் அவ்வறைக்கும் இஸ்தோப்புக்கும் இடையிலேயே நிகழ்ந்தன. ஒரு வீட்டுச் சண்டையை அடுத்த வீடு சுவரினூடே கேட்கும். அந்த இடநெருக்கடியின் மானக்கேட்டை ஊவாகட்டவளையிற் பிறந்த தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ என்ற சிறுகதையிலே பொருளாக்கினார். தனிமை என்பதற்கே இடமில்லாத ஓரறை வீட்டிலே மணவாழ்வு நடத்தும் மனிதரின் கூச்சம் அக்கதையின் உயிர்.

இரு படைப்புகளையும் அருகருகே வைத்தால் முக்கியமான உண்மையொன்று புலனாகும். யமடா குடும்பத்தாரின் சண்டை நகைக்குரியதாவதற்கு அவர்களுக்கென ஒரு கதவு இருப்பது காரணம். தக்காஷி சினங்கொண்டால் வேறோர் அறைக்குச் செல்லலாம்; ஊஞ்சலிலே தனித்திருக்கலாம். லயத்து மனிதனுக்கு அறையும் சொந்தமன்று, அது நிற்கும் மண்ணும் சொந்தமன்று. 1948 இன் குடியுரிமைச் சட்டமும் 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும், ஒரே அடுப்பைச் சுற்றியிருந்தவர்களுள் யார் இருப்பது, யார் கப்பலேறுவது என்ற கேள்வியை அவ்வறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தன. அவ்விடத்து இலக்கியம் துயரைப் பாடியதிலே வியப்பில்லை.

ஆயினும், துயரை மட்டுமே பதிவுசெய்யும் இலக்கியம் மனிதனைப் பாதியாகவே பதிவுசெய்கிறது. பெரட்டுக்களத்திலே துரையின் நடையை நடித்துக் காட்டிய இளைஞனும், கணக்கப்பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டிய கொழுந்துக்காரியும், பேரனுடன் மல்லுக்கட்டிய அப்பாயியும் அந்த லயங்களிலே வாழ்ந்தவர்கள்தாம். அடக்கப்பட்டோரின் சிரிப்பு அவர்தம் அறிவின் சான்று. தம்மை ஆள்வோரையும் தம்மையும் அவர் அளந்து வைத்திருந்தமைக்கு அடையாளம். அதனை எழுதுவது துயரை மறைப்பதாகிவிடும் என்ற அச்சம் எழுத்தாளரிடையே இருத்தல்கூடும். நகையும் இரக்கமும் ஒரே கோட்டில் இயங்கக் கூடியவை எனக் காட்டி, அவ்வச்சத்துக்கு விடையிறுப்பது தக்காஹதாவின் படம்.

படத்திலே குறையில்லாமலில்லை. மட்சுக்கோவின் மறதியும் சோம்பலும் மீண்டும் மீண்டும் சிரிப்புக்குப் பொருளாகின்றன. தக்காஷிக்கு அருளப்பட்ட ஊஞ்சற் காட்சியைப் போன்று, தன்னோடு தான் இருக்கும் நெடும்பொழுதொன்று அவளுக்கு அருளப்படவில்லை. நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்பு மூட்டும் பெண்ணை அறிந்தவர்கள், வீட்டுவேலையைத் தட்டிக்கழிக்கும் தாயைப் பார்த்து அத்துணை எளிதாகச் சிரித்துவிட முடியாது. லயத்து வாழ்வின் நகையை எழுத முற்படுவோர் இவ்விடத்தில் தக்காஹதாவைப் பின்பற்றாது அவரைத் தாண்டிச் செல்லவேண்டும்.

நோனோகோவின் ஆசிரியை படத்தின் இறுதிப் பகுதியிலே தூரிகையால் எழுதிக்காட்டும் ஒரு சொல், ‘இயன்ற அளவில், இதமாக’ என்னும் பொருள்தருவது. அதனைப் பொறுப்பின்மையின் உபதேசமாகக் கொண்டோர் உளர். ஒருவர் குறையை மற்றவர் பொறுத்து, சிறு இடத்திலே சேர்ந்து வாழக் கற்றவர்களின் அனுபவம் அச்சொல்லில் அடங்கியிருப்பதைப் படத்தை மீண்டும் பார்ப்போர் உணர்வர். தக்காஹதா 2018 இல் மறைந்தார். அவரை மின்மினிகளுக்காக மட்டும் நினைவுகூர்வோர், அவர் வரைந்த சிறு வீட்டுக்குள்ளும் ஒருமுறை சென்று வருவது தகும்.